செக்கு சுத்துது, நீ எப்ப சுத்தப் போற?

உக்காரு மருமவனே, எந்திரிக்காத. நான் வாடிக்கை இல்ல, உன் தாய்மாமன். வாசல்ல ஆட்டோ வந்து நின்ன சத்தம் கேட்டதும் துள்ளி எந்திரிச்சு, சட்டைய இழுத்துவிட்டு, பல்லைக் காட்டுன பாரு, அந்தச் சிரிப்பு என் மூஞ்சியக் கண்டதும் செத்துப் போச்சு. பரவாயில்ல. மூணு மாசமா நீ சிரிக்கவே இல்லன்னு உங்கம்மா சொன்னா. தங்கச்சி பொலம்பல் தாங்க முடியாமத்தான் இந்த வெயில்ல வந்தேன். அதோட வீட்டுல நல்லெண்ணெயும் தீந்து போச்சு.

கடை லெச்சணமாத்தான் இருக்கு. வாகை மரத்துச் செக்கு, செருப்போட உள்ள வரக் கூசுத தரை, கல்லாப்பெட்டி மேல பிள்ளையாரு. வெளிய போர்டுல செக்குமாடு படம் போட்டிருக்க, உள்ள சுத்துதது மோட்டாரு. படத்தப் பாத்துட்டு மாட்டைத் தேடிக்கிட்டாவது ஒருத்தன் உள்ள வந்திருப்பான்னு நெனச்சேன். அதுவும் இல்லியாமே.

மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு வந்த. சந்தோசம். பேங்குல கடன் வாங்குன. அதுவும் சந்தோசம்தான், பேங்குக்காரனுக்கு. காலையில எட்டு மணிக்குக் கடையத் திறக்க, ஊதுபத்தி கொளுத்துத, பொறவு செல்லை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சிருத. நான் குறை ஒண்ணும் சொல்லல. ஈயாவது வந்து போவுதே! எண்ணெய்க் கடைக்கு ஈ வாரது நல்ல சகுனம்லே. அதுக்கு நம்ம சரக்கோட தரம் தெரிஞ்சிருக்கு. மனுசனுக்குத்தான் இன்னும் சேதி போகல. நீ கடையத் திறந்துட்டியே தவிர வாயத் திறக்கல.

என்னது? விளம்பரம் செய்யுதியா? அதையும் பாத்தேன், என் பேத்தி காமிச்சா. சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல தினமும் காலையில ஒரு எண்ணெய்ச் சீசா படம், கீழ 'காலை வணக்கம்'. எத்தனை பேரு வாங்குனாக? உன் பெரியப்பா மகன் கையெடுத்துக் கும்பிடுத பொம்மை போட்டான். சித்தி பூப் போட்டா. உன் அத்தான் மட்டும் தனியாப் போன் போட்டு, நமக்குன்னா என்ன வெலைக்குக் குடுப்பன்னு கேட்டிருப்பான். இல்லங்காத. சொந்தக்காரன் வாடிக்கை இல்லடே, அவன் விலை விசாரிக்க வந்தவன். என்னையே எடுத்துக்கோ, ஓசியில ரெண்டு லிட்டர் வாங்கத்தான் வந்திருக்கேன். அந்தக் குரூப்புல உக்காந்து எண்ணெய் விக்கது, கல்யாணப் பந்தியில உக்காந்துக்கிட்டுச் சாப்பாடு விக்க மாதிரி.

விளம்பரம்னா விருதுநகர்க்காரங்க செஞ்சாகளே, அது விளம்பரம். இதயம்னு பேரு வச்சு, டிவியில சித்ராவ வந்து பேசச் சொன்னாக. அந்தப் பிள்ளைக்கு 'நல்லெண்ணெய் சித்ரா'ன்னே பேரு நெலைச்சுப் போச்சு. எத்தனை சினிமாவுல நடிச்சிருந்தாலும் ஊருக்கு அவ நல்லெண்ணெய்தான். நம்மகிட்ட அவ்வளவு காசு இல்ல. ஆனா காசு கேக்காத சித்ரா இந்த ஊருல ஏழெட்டுப் பேரு இருக்காக. நீ கண்டுக்கல.

மொத ஆளு யாரு தெரியுமா? உனக்கு முடி வெட்டுதவரு. மாசத்துக்கு ஒரு தடவை அவருகிட்டத் தலையக் குடுத்துட்டு அரை மணி நேரம் உக்காருதியே, நீ செக்கு போட்டிருக்கிறது அவருக்குத் தெரியுமா? தெரியாது. ஏன்னா அங்கயும் நீ செல்லைத்தான் பாத்துக்கிட்டிருப்ப. அவரு ஒரு நாளைக்கு எத்தனை தலை தொடுதாரு, அத்தனை தலையோடயும் பேசுதாரு. முடி கொட்டுது, சூடு புடிச்சிருக்கு, தூக்கம் வரல, இந்த மூணு பொலம்பலும் இல்லாம ஒருத்தன் அந்த நாற்காலியில உக்காருவானா? அந்த நேரத்துல அவரு வாயில 'சனிக்கிழமை நல்லெண்ணெய் தேச்சுக் குளிங்க, கழுகுமலை ரோட்டுல ஒரு பையன் கருப்பட்டி போட்டு ஆட்டுதான்'னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அதுக்கு என்ன வெலை? அடுத்த தடவை போகும்போது கால் லிட்டர் சீசா ஒண்ணைக் கொண்டு போயிக் குடு. விக்கச் சொல்லாத. 'அண்ணாச்சி, நீங்க தேச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க'ன்னு கேளு. கருத்துக் கேட்டா மனுசனுக்கு மார்பு விரியும். வெலை சொன்னா சுருங்கும்.

அதுக்காகக் கண்டவன் வாசல்லயும் போயி நிக்காத. எதுத்தாப்புல வடை போடுதானே, அவன்கிட்டப் போன மாசம் போயிக் கெஞ்சுனியாமே. கூறுகெட்டவனே, ரேஷன்ல பாமாயில் லிட்டர் 25 ரூவா. கடைப் பாமாயிலும் உன் கடலை எண்ணெய் வெலைக்குப் பக்கத்துல வராது. அவன் உன் எண்ணெயில வடை போட்டா வடை வெலைய ரெட்டிப்பாக்கணும், இல்ல ஓட்டைய ரெட்டிப்பாக்கணும். அவன் உனக்கு ஆளு இல்ல. அவன் கடையில டீ குடிக்க வாரவன் ஆளு. யாருகிட்டக் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டாலே செருப்புத் தேய்மானம் பாதி மிச்சம்.

இந்த ரோட்டையே பாரு. விடிஞ்சா தீப்பெட்டியாபீஸ் வண்டி பொம்பளைப் பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போவுது. பொழுது சாஞ்சா இதே முக்குல எறக்கி விடுது. மூணு மாசமா உன் மூக்குக்கு முன்னால எறங்குதாக. நீ என்ன செய்யுத? கூட்டமா இருக்கேன்னு கதவைப் பாதி சாத்துத. அவுக ஒரு லிட்டரா வாங்க மாட்டாக, வாரச் சம்பளக்காரங்க. ஆனா ஒரு வீட்டுலயும் நல்லெண்ணெய் வேண்டாம்னு ஒருத்தியும் சொல்ல மாட்டா. பிள்ளைக்கு இட்லிப் பொடிக்கு வேணும், மாமியா மூட்டுவலிக்கு வேணும், சடங்கான பொண்ணுக்கு உளுந்தங்களி கிண்ட வேணும். களியில நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொறஞ்சா ஊருக்காரி வாயில விழணும்லா! அவளுக்கு வேண்டியது நூறு மில்லி. நீ வச்சிருக்கது அஞ்சு லிட்டர் கேன்.

கடலூர்ல சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தர். பெரிய மனுசன் பங்களாவுல மட்டும் இருந்த ஷாம்பைக் கூலிக்காரனும் வாங்கணும்னு சின்னச் சின்னப் பொட்டலத்துல அடைச்சாரு. அவரு மகன் ரங்கநாதன் வீட்டை விட்டு வெளிய வந்து 1983ல 15,000 ரூவாய வச்சுக்கிட்டுத் தனியாத் தொடங்கி, அப்பா பேரைச் சுருக்கி 'சிக்'குன்னு வச்சாரு. கிராமம் கிராமமாப் போயி, நடுத்தெருவுல நாற்காலி போட்டு, ஒரு பொடியனை உக்கார வச்சு, ஊரு பாக்கத் தலையக் கழுவி விட்டு, தொட்டுப் பாருங்கன்னாக. காலிப் பொட்டலம் கொண்டு வந்தா ஒரு சிக்கு சும்மான்னாக. எந்தக் கம்பெனிப் பொட்டலமா இருந்தாலும் சரிதான்னாக. அடுத்தவன் வாடிக்கையக் குப்பையில இருந்து பொறுக்கி எடுத்தாக மருமவனே! நீ என்னடான்னா, கதவுகிட்ட வந்து நிக்க வாடிக்கையக் கதவைச் சாத்தி அனுப்புத.

சின்னதா விக்கணும்னு சொன்னதுக்காகக் கரண்டியில மோந்து ஊத்திக் குடுக்காத. சமையல் எண்ணெய லூஸ்ல விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சின்னச் சீசாவா வாங்கி அடைச்சு, மூடி சீல் வச்சு, ஆட்டுன தேதி, வெலை, உணவுப் பாதுகாப்புக்காரங்க குடுத்த 14 இலக்க நம்பரு எல்லாத்தையும் ஒட்டு. நம்பரு வாங்கிட்டியா? அதையாவது ஒழுங்கா வாங்கியிருக்க, தப்பிச்ச. சாயங்காலம் வண்டி வார நேரம் பாத்துச் செக்கை ஓட விடு. எள்ளும் கருப்பட்டியும் சேந்து அரைபடுத வாசனை இருக்கே, அதுக்கு மேல ஒரு விளம்பரம் எவனாலயும் எழுத முடியாது. நீ மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டுத. தெருநாய்க்கு வாசனை காட்டுத.

என் கதையச் சொல்லுதேன், கேளு. கேட்டிருக்கன்னு சொல்லாத, நீ கேட்டதே இல்ல.

1980 வாக்குல நான் சைக்கிள்ல எவர்சில்வர் பாத்திரம் வித்தேன். பின்னால கேரியர்ல கூடை, முன்னால ஹேண்டில்ல தூக்குவாளி மாலை. ரொக்கத்துக்கும் குடுப்பேன், தவணைக்கும் குடுப்பேன், பழைய பட்டுச் சேலைக்கும் குடுப்பேன். நாலாட்டின்புத்தூர், கயத்தாறு, கடம்பூர், பசுவந்தனைன்னு சுத்தாத புழுதி இல்ல. மொத ஆறு மாசம் தெருவுல 'பாத்திரம்... பாத்திரமே...'ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். திண்ணையில கெடந்த கெழவிக 'தூக்கத்தைக் கெடுக்காத, போடா'ன்னு திருப்பிக் கத்துனாக. யாவாரம் அவ்வளவுதான்.

பொறவு ஒரு நாள் நெசமாவே நாக்கு வறண்டு போயி ஒரு வீட்டு வாசல்ல நின்னு, 'தாயி, கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு கேட்டேன். ஒரு அம்மா செம்புல கொண்டாந்து குடுத்தா. குடிச்சுட்டுச் செம்பைத் திருப்பிக் குடுக்கும்போது, 'செம்பு நசுங்கியிருக்கே தாயி'ன்னேன், யாவாரமாச் சொல்லல, கண்ணுல பட்டதைச் சொன்னேன். அவ்வளவுதான். 'ஆமாண்ணே, மூத்தவ கல்யாணத்துக்கு வாங்குனது, இப்ப எளையவளுக்கு வைகாசியில வச்சிருக்கோம்'னா. உடனே நான் கூடைய எறக்குனேன்னு நெனக்கியா? எறக்கல. மாப்பிள்ளை எந்த ஊருன்னு கேட்டேன். சீர்வரிசை எம்புட்டுன்னு கேட்டேன். அடுத்த வாரம் போகும்போது சீருக்கு வேண்டிய பாத்திரம் அத்தனையும் சைக்கிள்ல இருந்துச்சு. அந்த ஒரு செம்புத் தண்ணியில ஒரு கல்யாணச் சீரு வித்தேன்.

அன்னையிலருந்து நான் கத்துததை விட்டேன். தெருவுக்கு ஒரு வீட்டுல தண்ணி கேப்பேன். தாகம் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. உங்க அத்தைக்கு மட்டும்தான் தெரியும், சாயங்காலம் வீடு திரும்பும்போது வயிறு ஊருணி மாதிரி தளும்பும். தண்ணி குடுத்தவ நம்மள வெறுங்கையோட அனுப்ப மாட்டா மருமவனே, ஒரு சேதியாவது குடுப்பா. யாரு வீட்டுல காதுகுத்து, யாரு வீட்டுல பால்காய்ப்பு, யாரு மக மாசமா இருக்கா. அதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். உன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் கோடி ரூவா குடுத்து வாங்குத கணக்கு, நான் தண்ணி குடிச்சே சேத்தேன்.

நீ கேக்க வேண்டியதும் அதான். எண்ணெய் வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுதது மனுச சுபாவம். 'வீட்டுல என்ன விசேசம்?'னு கேட்டா வேண்டாம்னு எவனும் சொல்ல மாட்டான்.

ரொம்ப மேதாவின்னு என்னை நெனச்சுராத. பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊருல நான் செஞ்ச கோட்டித்தனம் ஒண்ணு இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு குத்துப்போணி. ஒரு வீட்டுக்காரி பேரம் பேசுனா, எறக்கிக் குடுத்தேன். நாலு வீடு தள்ளி ஒருத்தி பேரமே பேசல, சொன்ன வெலைய எடுத்துக் குடுத்தா. கெட்டிக்காரன்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டு வந்தேன். ரெண்டு பேரும் மறுநாள் காலையில ஒரே கெணத்துல ஒரே நேரத்துல தண்ணி எறைச்சிருக்காளுக, அந்த ரெண்டு குத்துப்போணியையும் இடுப்புல வச்சுக்கிட்டு! அடுத்த வாரம் போறேன், ஒரு வீட்டுலயும் தண்ணி இல்ல. 'செம்பு அழுக்கா இருக்கு'ங்கா ஒருத்தி, 'கொடம் காலி'ங்கா இன்னொருத்தி. அந்த ஊருல மூணு வருசம் ஒரு கரண்டி விக்க முடியல. கடைசியில பேரம் பேசாதவ வீட்டுல போயி, கூட வாங்குன காசைத் திண்ணையில வச்சுட்டு வந்தேன். அவ காசைத் தொடல. ஆனா தண்ணி கொண்டாந்தா.

அதனால மெட்ராசு சிநேகிதனுக்கு ஒரு வெலை, கழுகுமலைக்காரிக்கு ஒரு வெலைன்னு வச்சுக்காத. இப்பக் கெணறு இல்ல, ஆனா குழு இருக்கு. மகளிர் குழு வாரா வாரம் கூடுது. அங்க பதினஞ்சு இருபது பொம்பளைக தவணைப் பணம் கட்டிட்டு ஊரு நாயம் பேசுதாக. நல்லதும் அங்கன போவும், கெட்டதும் அங்கன போவும். கெட்டது கொஞ்சம் வெரசாப் போவும்.

வெலைன்னதும் ஞாபகம் வருது. வாரவன்லாம் என்ன சொல்லுதான்? 'பாக்கெட் எண்ணெய் இவ்வளவுதான், நீங்க மட்டும் ஏன் இம்புட்டுச் சொல்லுதீக'ங்கான். நீ உடனே சத்து, கொழுப்பு, இருதயம்னு டாக்டர் மாதிரிப் பாடம் எடுக்க. அவன் கொட்டாவி விடுதான். பேசாம ஒரு காரியம் செய். கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு தாம்பாளத்துல ரெண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பைக் கொட்டி வை. பக்கத்துல ஒரு கிலோ எண்ணெய்ச் சீசா ஒண்ணு வை. இம்புட்டுப் பருப்பை ஆட்டுனாத்தான் இம்புட்டு எண்ணெய். பருப்பு வெலை அவனுக்கே தெரியும், கணக்கை அவன் வாயாலயே போடட்டும். இதைத் தாண்டி ஒரு தந்திரம் வேணும்னா, 'உங்க வீட்டு எள்ளையும் கடலையையும் கொண்டாங்க, கூலிக்கு ஆட்டித் தாரேன், நின்னு பாருங்க, பிண்ணாக்கையும் எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னு எழுதி வை. கரிசக்காட்டுல எள்ளு போடுதவன் இருக்கான், கடலை போடுதவன் இருக்கான். கூலியில பெருசா மிஞ்சாதுதான். ஆனா ஒருத்தன் ஒன்றரை மணி நேரம் உன் செக்கு முன்னால நின்னு, தன் கண்ணால பாத்துட்டுப் போயி ஊருல சொல்லுதது இருக்கே, அதை நீ எழுதி ஒட்ட முடியாது.

வடக்க அகமதாபாத்துல கர்சன்பாய் பட்டேல்னு ஒருத்தர் இருந்தாரு. சர்க்காரு லேப்புல கெமிஸ்ட் உத்தியோகம். 1969ல வீட்டுக் கொல்லையில சோப்புத்தூள் கலக்கி, பொட்டலம் கட்டி, சைக்கிள்ல வச்சு வீடு வீடாக் கொண்டு போயி வித்தாரு. பெரிய கம்பெனித் தூள் கிலோ 13 ரூவா வித்த காலத்துல இவரு 3 ரூவான்னாரு. சரியா வெளுக்கலன்னா துட்டு வாபஸ்னாரு. மக பேரை வச்சாரு, அதான் நிர்மா. அந்த விளம்பரப் பாட்டைப் பாடிக்கிட்டே நீ டவுசர் போட்டுத் திரிஞ்ச. அவருக்குச் சம்பளம் இருந்துச்சு, வீட்டுல உக்காந்து காலை ஆட்டியிருக்கலாம். போகுத வழியிலயே வித்தாரு. நீயும் டெய்லி பைக்குல வீட்டுக்கும் கடைக்கும் நாலு தடவை போயிட்டு வார. பெட்டியில என்ன இருக்கு? ஹெல்மெட்டு. அதையும் மாட்டுததில்ல.

சரி, புது ஆளை விடு. இருக்க ஆளு என்ன ஆனாக? பின்தெருவுல ஒரு டீச்சரம்மா வந்து ரெண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிட்டுப் போனாகன்னு மொத வாரத்துல குதிச்சியே. பொறவு வந்தாகளா? நாலு பேரு உள்ள வீட்டுல ரெண்டு லிட்டர் ஒரு மாசத்துக்கு மேல ஓடுமா? ஓடாது. அப்ப அவுக வேற எங்கயோ வாங்குதாக. ஏன்னு போயிக் கேட்டியா? வெக்கம்! மெட்ராசுல முன்ன பின்ன தெரியாத ஆபீசருக்கு 'சார் சார்'னு பத்து வருசம் கும்புடு போடும்போது வராத வெக்கம், பின்தெருவு டீச்சரம்மாவக் கேக்க வருது.

நான் கேட்டுட்டேன். வார வழியில எறங்கி, தண்ணி கேட்டேன். 'எண்ணெய் சட்டியில நுரைச்சுப் பொங்குது, அடியில மண்டி வேற நிக்கி, கெட்டுப் போச்சோன்னு பயந்து விளக்குக்கு ஊத்திட்டேன்'னாக. பாத்தியா, உன் எண்ணெய் மேல குத்தம் இல்ல, உன் அவசரத்து மேலதான் குத்தம். ஆட்டுன எண்ணெய ரெண்டு மூணு நாள் வெயில்ல வச்சுத் தெளிய விடாம அன்னைக்கே அடைச்சு வித்திருக்க. ஈரமும் மண்டியும் இருந்தா நுரைக்கத்தான் செய்யும். பொறவும் கொஞ்சம் மண்டி நின்னா அது செக்கு எண்ணெயோட கொணம், பயப்படாதீகன்னு வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை சொல்லாததுக்கு ஒரு வீடு போச்சு. அவுக பள்ளிக்கூடத்துல எத்தனை டீச்சரு இருக்காகன்னு நீயே எண்ணிக்கோ. இன்னைக்குச் சாயங்காலம் தெளிஞ்ச எண்ணெய் ஒரு லிட்டர் எடுத்துக்கிட்டுப் போ. காசு வாங்காத.

கல்யாண வீட்டு யாவாரம் வேணும்னா வீட்டுக்காரனைப் புடிக்காத, சமைக்குத தவசுப்பிள்ளையப் புடி. சாமான் சிட்டை எழுதுதது யாரு? அவருதான். பொண்ணோட அப்பன் சிட்டைய வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு நேராப் பலசரக்குக் கடைக்குப் போவான், படிச்சுக்கூடப் பாக்க மாட்டான். தவசுப்பிள்ளை வீட்டுக்கு ஒரு சீசா கொண்டு போயிக் குடுத்து, ஒரு ஈடு முறுக்கு சுட்டுப் பாக்கச் சொல்லு. 'எனக்கு என்ன தருவ?'ன்னு கேப்பாரு. லிட்டருக்கு இவ்வளவுன்னு கமிஷன் பேசிராத. நீ 5 ரூவா குடுத்தா அடுத்தவன் 6 ரூவா குடுப்பான், அந்த ஏலத்துல நீ செயிக்க மாட்ட. தீவாளிக்கு அவரு வீட்டுக்கு எண்ணெய் என்னோடதுன்னு சொல்லிட்டு வா. இது என் அபிப்பிராயம். கமிஷன் குடுத்துப் பொழைக்கவனும் இருக்கான், அவன் எண்ணெயில என்ன கலக்கான்னு நான் பாக்கப் போகல.

அந்தக் கொல்லையில மூட்டை மூட்டையாக் கெடக்கே, அது என்னது? பிண்ணாக்கா? யாவாரிக்குக் கெடைச்ச வெலைக்குத் தள்ளுதியாக்கும். ஏல, நீ ஆட்டுத பருப்புல பாதிக்கு மேல எடை அதுதானடே! சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கியா? விடியக்கருக்கல்ல போகணும். ஆடு வாங்குதவன், விக்கவன், தரகு பாக்கவன்னு சந்தை பொங்கி வழியும். அங்க வாரவன் அத்தனை பேரு வீட்டுலயும் வாயில்லாச் சீவன் நிக்கி. கடலைப் பிண்ணாக்கைச் சின்னச் சாக்குல கட்டிக் கொண்டு போ. செக்குப் பிண்ணாக்குல எண்ணெய்ப் பசை கூடத் தங்கும்னு ஆட்டுக்காரனுக்கு நீ சொல்லித் தர வேண்டாம், மோந்து பாத்தே சொல்லுவான். சாக்கு மேல கடை பேரை எழுது. அடுத்த மாசம் பிண்ணாக்கு வாங்க வாரவன் பொண்டாட்டிக்கு எண்ணெய் வாங்கிட்டுப் போவான். ஆட்டைக் கும்புட்டு ஆளைப் புடிக்கது கேவலம் ஒண்ணும் இல்ல.

நம்ம கோயில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு 2020ல வந்துச்சு. பேப்பர்ல போட்டாக. அதுக்கு எத்தனையோ வருசம் முன்னாலயே பஸ்ஸு சன்னலுக்குக் கீழ எக்கி எக்கி நின்னு வித்த பயலுகதான் அந்தப் பேரை மதுரைக்கும் மெட்ராசுக்கும் ஏத்தி விட்டாங்க. கடம்பூர்ப் போளிய ரயிலு சன்னலுக்கே கொண்டு போனாங்க. ரெண்டும் வாங்குதவன் எறங்கி வரட்டும்னு உக்காந்திருந்து வித்த சரக்கு இல்ல.

போதும், எனக்கு வாய் வலிக்கு. அந்த ரெண்டு லிட்டரை எடுத்து வை. காசா? தாய்மாமன்கிட்டயா? சரி, எழுதிக்கோ, என்னைக்காவது தாரேன். ஆனா சும்மா வாங்கிட்டுப் போகல, இந்தா இந்தத் துண்டுச் சீட்டைப் புடி. ஆறு வீடு எழுதியிருக்கேன். வீட்டுலருந்து உன் கடைக்கு வாரதுக்குள்ள நான் தண்ணி குடிச்ச வீடுக. மூணாவது வீட்டுல ஆவணியில பால்காய்ப்பு. அஞ்சாவது வீட்டுல பாட்டிக்கு மூட்டுவலி, பேசுனா விட மாட்டா, பொறுமையாக் கேளு.

வாசல்ல நான் வந்த ஆட்டோ நிக்கி பாரு. அரை மணி நேரமா அந்தத் தம்பி வெயில்ல உக்காந்திருக்கான். அவன் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம், தலைப்பிள்ளை. மாமியா வீடு கயத்தாறு, பேறுகாலம் பாக்கத் தாய் வீட்டுல ஆளு இல்லியாம். பத்து நிமிசப் பயணத்துல இம்புட்டும் அவன் என்கிட்டச் சொன்னான். அவன் ஆட்டோவுல ஒரு நாளைக்கு எத்தனை பேரு ஏறி எறங்குதாகன்னு அவன்கிட்டயே கேளு.

செல்லைக் கீழ வச்சுட்டு எந்திரி. அவனுக்கு ஒரு செம்புத் தண்ணி கொண்டு போ.